கலைப்பணியும் காலக் கணக்கும்

காலத்தை அளந்தறியும் வேட்கை தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, பாசறையில் இருக்கும் அரசனை வாழ்த்தி, நீர்க்கன்னலால் அளந்தறிந்த பொழுதினை அவனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரைக் காட்டுகின்றது. பகலும் இரவுஞ் சேர்ந்த ஒரு நாளை 60 நாழிகையாக முன்னோர் பகுத்தனர். ஒரு நாழிகை இக்கால அளவையில் 24 நிமிடமாகும். திருவள்ளுவரும் பொருட்பாலுள் காலமறிதல் எனத் தனி அதிகாரம் ஒன்றினை வகுத்தார். ஆயின் இவ்விடங்களிற் பேசப்படுங் காலம், ஒரு செயலைச் செய்தற்கு உரிய வேளை. அச்செயலை முடித்தற்கு எத்துணைப் பொழுது சென்றதெனக் கணக்கெழுதுதலும், அக்கணக்கினைக் கூலிக்கும் விலைக்கும் அடிப்படையாக்குதலும் பெரும்பாலும் ஆலைத்தொழிலோடு வளர்ந்த வழக்கங்கள். ஆலைத் தொழிலாளிக்கு இக்கணக்குப் பொருந்தும் என ஒப்புக்கொள்வோரும், ஓவியனுக்கும் வாசகம் புனைவோனுக்கும் அது பொருந்துமோ என ஐயுறுவர். அவ்வையத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுக் கலைப்பணியகம் என்றது யாதெனின், விளம்பர வாசகம், வணிகச் சின்னம், நூலட்டை, சுவரொட்டி, இணையத்தளத்தின் தோற்றம், குறும்படம் முதலியவற்றைப் பிறர் வேண்டியவாறு ஆக்கிக் கொடுக்குஞ் சிறு தொழில் நிலையம். ஐவர் அறுவர் முதலாக இருபதின்மர் வரை அங்குப் பணிபுரிவர். ஓவியர், எழுத்தாளர், படப்பிடிப்பாளர், வாடிக்கையாளரோடு பேசிப் பணி பெற்று வருவோர் எனப் பலதிறத்தார் ஒரு கூரையின்கீழ் இருப்பர். அரிசி ஆலைக்கு மூலப்பொருள் நெல். அச்சகத்துக்குத் தாளும் மையும். இத்தகைய பணியகத்துக்கோ மூலப்பொருள் என்று சொல்லத்தக்கது அதன் ஊழியரது பொழுதே. வாடகை, மின்சாரம், கணினி முதலாய செலவுகள் உளவேனும், செலவிற் பெரும்பங்கு சம்பளமாகவே செல்லும். மூடைகளை எண்ணாத அரிசி வணிகன் எவ்வாறு தன் இலாப நட்டத்தை அறியானோ, அவ்வாறே ஊழியரது பொழுதை எண்ணாத பணியகமும் தன் நிலையை அறியாது.

இதற்கு எதிராக எழும் வாதமும் வலியுடையதே. கருத்து என்பது மணிக்கூட்டின் முட்களுக்குக் கட்டுப்பட்டுப் பிறப்பதன்று. குளிக்கும்போதும் வீதியில் நடக்கும்போதும் உதிக்கும் ஓர் எண்ணம், மேசைமுன் இருந்து வருந்திய மூன்று நாள்களின் உழைப்பினும் உயர்ந்ததாகலாம். இவ்வாதத்திற்குச் சிறந்த சான்றாக எடுத்தாளப்படுவது 1878ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டனில் நடைபெற்ற ஒரு வழக்கு. இரவு வானில் வாணவேடிக்கை சிதறி வீழ்வதைத் தீட்டிய ஓர் ஓவியத்திற்கு, அமெரிக்க ஓவியரான ஜேம்ஸ் விஸ்லர் 200 கினி விலை குறித்தார். அதனைப் புகழ்பெற்ற திறனாய்வாளரான ஜோன் ரஸ்கின் கடுமையாக இகழ்ந்து எழுதவே, விஸ்லர் மான நட்ட வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் உழைப்புக்கோ 200 கினி கேட்கின்றீர் என எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினாவியபோது, இரண்டு நாள் உழைப்புக்கன்று, வாழ்நாளெல்லாம் உழைத்துப் பெற்ற அறிவுக்கே அவ்விலை என்னுங் கருத்துப்பட அவர் விடை பகர்ந்தார்.

இவ்விடை கலைஞர் பலராலும் போற்றப்படுவது, போற்றத்தக்கதுமாம். ஆயினும் அவ்வழக்கிற் பலர் நோக்காத பகுதிகள் இரண்டு உள. முதலாவது, தாம் எத்துணைப் பொழுதில் அவ்வோவியத்தை முடித்தார் என்பதை விஸ்லர் அறிந்திருந்தார். மன்றில் அதனை மறைத்தாரும் இலர். பொழுதின் அளவை அறிந்தமையால் அவர் கேட்ட விலைக்கு நியாயம் குறைந்துவிடவில்லை. இரண்டாவது, தீர்ப்பு அவர் பக்கமாயினும் நட்டஈடாகக் கிடைத்தது ஒரு பார்திங் என்னும் மிகச் சிறு காசு மட்டுமே. வழக்குச் செலவு அவரது பழைய கடன்களோடு சேர்ந்து 1879இல் அவரை முறிவு நிலைக்குக் கொண்டு சென்றது. விலை வேறு, அடக்கச் செலவு வேறு என்னும் உண்மையை இவ்வரலாறு நன்கு உணர்த்தும். விலை, திறமையையும் பெயரையும் வாங்குவோன் அடையும் பயனையும் சார்ந்தது. அடக்கச் செலவோ சென்ற பொழுதையும் பொருளையுஞ் சார்ந்தது. முன்னதை மணிக்கூடு உரைக்க மாட்டாது. பின்னதை மணிக்கூடின்றி அறிய இயலாது.

பணிநேரக் கணக்கின்மீது ஊழியர் கொள்ளும் வெறுப்புக்கு வரலாற்றில் வேரூன்றிய காரணம் உண்டு. இங்கிலாந்தின் வடகீழ்ப் பகுதியில் குரௌலி என்பார் நடத்திய இரும்பாலைக்கு 1700ஆம் ஆண்டை அண்டி ஒரு சட்டநூல் வகுக்கப்பட்டது. மதுக்கடையிலும் காப்பிக்கடையிலும் இருந்த பொழுது, உணவு, விளையாட்டு, உறக்கம், புகைபிடித்தல், பாட்டு, செய்தி வாசித்தல் ஆகியவற்றிற் கழிந்த பொழுது யாவும் கணக்கினின்றுங் கழிக்கப்படும் என அது விதித்தது. கண்காணிப்பாளன் ஒழிந்த பிறர் எவரும் மணிக்கூட்டினைத் திருப்பாதவாறு பூட்டி வைத்தற்கும் அதில் ஏற்பாடு இருந்தது. வரலாற்றறிஞர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனையும் இதுபோன்ற பிற செய்திகளையும் எடுத்துக்காட்டி, வேலை முடியும்வரை உழைத்தல் என்னும் பழைய முறை மாறி, பொழுதையே நாணயம் போலச் செலவிடும் முறை நிலைபெற்ற வரலாற்றை விளக்கினார். காலையில் மணிக்கூட்டை முன்தள்ளியும் மாலையிற் பின்தள்ளியும் ஊழியரை ஏமாற்றிய ஆலைகள் பற்றிய குறிப்பும் அக்கட்டுரையில் உண்டு.

அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்து ஓபர்ன் நகரில் நகை வணிகராயிருந்த வில்லார்ட் பண்டி என்பவர் 1888இல் நேரம் பதியும் பொறியொன்றை ஆக்கினார். ஊழியன் தனக்குரிய திறவுகோலை அதில் இட்டுத் திருப்பினால், அவனுடைய எண்ணும் வந்த நேரமும் தாளிற் பதியும். அப்பொறிகளைச் செய்த நிறுவனம் பின்னர்ப் பிறவற்றோடு இணைந்து, 1924 முதல் ஐ.பி.எம். என்னும் பெயரால் உலகறிந்த கணினி நிறுவனமாயிற்று. குரௌலியின் சட்டநூலும் பண்டியின் பொறியும் ஒருவன் வேலையிடத்தில் இருந்தானா என்பதை மட்டுமே வினவுவன. அவன் யாது செய்தான், எதன்பொருட்டுச் செய்தான் என்பவற்றை அவை வினவுவதில்லை. இவ்வகைப் பதிவினை வரவுப் பதிவு எனலாம்.

இதனின் வேறாகிய பணிப் பதிவு பிறிதொரு வழியாகப் பிறந்தது. பொஸ்தன் நகரில் வறியோர்க்குச் சட்ட உதவி வழங்கிய சங்கத்தின் தலைமையை 1914இல் ஏற்றவர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் என்னும் இளம் வழக்கறிஞர். மிகச் சிறு நிதியைக்கொண்டு மிகப் பல வழக்குகளை நடத்த வேண்டியிருந்தமையால், ஒவ்வொரு வழக்குக்கும் உண்மையிற் செல்லும் செலவை அறிய அவர் விரும்பினார். 1919 முதல் அந்நகரத்து வழக்கறிஞர் நிலையமொன்றின் நிர்வாகத்தை ஏற்றபின், அங்குள்ள வழக்கறிஞர் ஒவ்வொருவரும் நாள்தோறும் எவ்வழக்குக்கு எத்துணைப் பொழுது செலவிட்டனர் என்பதை மணியின் பத்திலொரு கூறாகிய ஆறு நிமிட அளவிற் குறிக்கும் முறையை ஏற்படுத்தினார். ஒரு நாழிகையை நான்காகப் பகுத்தால் வரும் அளவும் அதுவே. இப்பதிவு முதலில் உள்நிலையை அறியும் கருவியாகவே கருதப்பட்டது. 1975இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழக்கறிஞர் சங்கங்கள் வகுத்த ஆகக்குறைந்த கட்டண அட்டவணைகளைச் செல்லாதன ஆக்கியபின், மணிக்கணக்கே வாடிக்கையாளரிடம் கேட்கும் விலையாகவும் பெரிதும் நிலைபெற்றது. செலவை அறிதற்கு ஆக்கிய அளவுகோல் விலையை விதிக்கும் அளவுகோலாக மாறியமை பின்னர் வந்த குறைபாடுகள் பலவற்றுக்கு வித்தாயிற்று.

விளம்பரத் தொழிலில் இக்கணக்கு நெடுங்காலம் வேண்டப்படாதிருந்தது. அதற்குக் காரணம் தரகு முறை. செய்தித்தாளில் 1,000 ரூபா பெறுமதியான இடத்தை விளம்பர நிலையம் வாங்கினால், தாள் நிறுவனம் அதனிடம் 850 ரூபா மட்டுமே பெறும். வாடிக்கையாளரோ 1,000 ரூபாவையும் நிலையத்துக்குக் கொடுப்பர். எஞ்சிய 150 ரூபா நிலையத்தின் வருவாய். அமெரிக்காவிலும் பிறநாடுகள் பலவற்றிலும் இந்த 15 வீதத் தரகே வழக்காறாயிற்று. ஓவியத்தை ஒரு மணியில் வரைந்தாலும் ஒரு மாதத்தில் வரைந்தாலும் வருவாய் மாறாதாகலின், பொழுதைக் கணக்கிடுதற்கு அவசியம் எழவில்லை. 1956இல் அமெரிக்க நீதித் திணைக்களம் தொடுத்த வழக்கு உடன்பாட்டில் முடிந்து, ஒரே வீதத்தை யாவரும் பெறவேண்டும் என்னும் சங்கத்தின் வற்புறுத்தல் கைவிடப்பட்டது. 1960இல் டேவிட் ஒகில்வியின் நியூயோர்க் நிலையம் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரப் பணியைத் தரகு நீக்கிக் கட்டணத்துக்கு ஏற்றுக்கொண்டது. அதன்பின் கட்டண முறை படிப்படியாகப் பரவவே, கட்டணத்தை எவ்வாறு வகுப்பது என்னும் வினாவும், அதனோடு நேரத்தாளும் கலைப்பணியகங்களுட் புகுந்தன.

கட்டணம் வகுக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இலங்கையில் ஒரு சிறு பணியகத்தில் ஓர் ஓவியர் மாதம் 160,000 ரூபா சம்பளத்தில் 160 மணி பணிபுரிகின்றார் எனக் கொள்க. மேலோட்டமாக நோக்குவார்க்கு அவருடைய ஒரு மணியின் செலவு 1,000 ரூபா எனத் தோன்றும். ஆயின் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமுமாகப் பணியகம் செலுத்தவேண்டியது 24,000 ரூபா. வாடகை, மின்சாரம், கணினி ஆகியவற்றில் அவர் பங்கு 36,000 ரூபா எனின், மொத்தச் செலவு 220,000 ரூபா ஆகின்றது. இனி, 160 மணியும் வாடிக்கையாளர் பணியிற் செல்வதில்லை. கூட்டம், பயிற்சி, புதிய பணி தேடல், கோப்புகளை ஒழுங்குபடுத்தல் முதலியன போக 110 மணியே எஞ்சுமாயின், ஒரு மணியின் உண்மைச் செலவு 2,000 ரூபா. மேலோட்டமான கணக்கினும் இது இருமடங்கு. இந்த 110 என்னும் எண்ணைப் பதிவேடின்றி எவரும் அறிதல் அரிது.

இவ்வோவியர் ஒரு வணிகச் சின்னத்தை ஆக்கும் பணியை 40 மணியில் முடிப்பார் என மதித்து, 80,000 ரூபா செலவோடு 20,000 ரூபா இலாபமுஞ் சேர்த்து, 100,000 ரூபாவுக்குப் பணியகம் ஒப்புக்கொண்டது எனக் கொள்க. பணி முடிந்தபோது சென்ற பொழுது 58 மணி. செலவு 116,000 ரூபா. நட்டம் 16,000 ரூபா. பதிவேடு இல்லாத பணியகத்தில் இந்நட்டம் கண்ணுக்குப் புலப்படாது. 100,000 ரூபா கைக்கு வந்த மகிழ்ச்சியே எஞ்சும். பதிவேடு மொத்தத்தை மட்டுங் குறிப்பதாயின், ஓவியர் மந்தமானவர் என்னும் தவறான முடிவு பிறத்தலுங் கூடும். பணியின் படிகளைப் பிரித்துக் காட்டும் பதிவேடோ வேறொன்றை உணர்த்தும். முதல் வரைவுக்கு மதித்த 14 மணியும் இறுதி வடிவுக்கு மதித்த 16 மணியும் மாறவில்லை. வாடிக்கையாளரோடு பேசுதற்கு 4 மணி மதித்த இடத்து 6 மணி சென்றது. திருத்தங்களுக்கு 6 மணி மதித்த இடத்து 22 மணி சென்றது. குறை ஓவியர் கையில் இல்லை. எத்தனை முறை திருத்தங் கேட்கலாம் என வரையறை செய்யாத ஒப்பந்தத்திலேயே உளது. அடுத்த ஒப்பந்தத்தில் இருமுறைத் திருத்தம் விலையுள் அடங்கும், மேற்பட்டதற்குத் தனிக் கட்டணம் என ஒரு வரி சேர்த்தால் நோய் தீரும். இவ்வாறு காரணத்தைக் காட்டுவதே பணிப் பதிவின் தலையாய பயன்.

நினைவைக்கொண்டே இவற்றை மதிப்பிடலாகாதோ எனின், மனித மனத்தின் இயல்பு அதற்கு இடந்தருவதில்லை. ஒரு பணிக்கு வேண்டும் பொழுதை மக்கள் குறைத்தே மதிப்பர் என்பதை டானியல் கானமன், ஆமொஸ் ட்வேர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979இல் எடுத்துரைத்தனர். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டினை எழுதிய மாணவர்கள் அது சராசரி 34 நாள்களில் முடியும் என மதித்தனர். உண்மையிற் சென்றனவோ சராசரி 55 நாள்களுக்கு மேல். யாவும் தவறாகவே நடப்பின் எத்தனை நாள் செல்லும் என வினவியபோதும் அவர்கள் கூறியது சராசரி 49 நாளளவே. முன்பு எத்தனையோ பணிகள் பிந்தியதை நன்கு அறிந்திருந்தும், இப்பணி பிந்தாது என எண்ணுவது மனத்தின் வழக்கம். கடந்தகாலத்தை எழுத்தில் வைத்து எதிரே காட்டும் ஏடு ஒன்றே இம்மயக்கத்துக்கு மருந்து.

இனிப் பதிவேட்டினை எவ்வாறு பேணுவது என்பது ஆராயற்பாலது. முதலாவதாக, பிரிவுகள் சிலவாக இருத்தல் வேண்டும். எவருடைய பணி, எப்பணி, எப்படிநிலை என்னும் மூன்றும் போதியன. முப்பது நாற்பது பிரிவுகளை வகுத்தால், ஊழியர் கைக்கு முதலில் வருவதைக் குறித்துவிட்டு நீங்குவர். இரண்டாவதாக, அன்றன்றே எழுதுதல் வேண்டும். திங்கட்கிழமை செய்ததை வெள்ளிக்கிழமை எழுதுபவர் கணக்கெழுதுவதில்லை, கதையெழுதுகின்றார். மூன்றாவதாக, அளவு மிக நுண்ணிதாதல் வேண்டா. வழக்கறிஞரின் ஆறு நிமிடம் கலைப்பணிக்குத் தொல்லையாகும். கால்மணி அளவே சாலும். நான்காவதாக, வாடிக்கையாளரிடம் பெறவியலாத பொழுதையும் நாணமின்றிக் குறித்தல் வேண்டும். வாசிப்புக்கும் வீண்போன வரைவுக்குஞ் சென்ற பொழுது குற்றமன்று. கலைத்தொழிலின் வித்து அதுவே. ஐந்தாவதாக, நிலையத்தின் தலைவரும் தம் பொழுதைப் பதிதல் வேண்டும். சிறு பணியகத்திற் கணக்கிலடங்காது கரையும் பொழுது பெரும்பாலும் தலைவருடையதே. அவர் எழுதாத ஏட்டைப் பிறர் மதித்து எழுதுவதும் இல்லை.

இதற்குக் கோடிட்ட ஒரு பயிற்சிக் கொப்பியும் போதும். கணினியின் அட்டவணையும், இன்று பலவாகப் பெருகியுள்ள செயலிகளும் ஆகும். ஊழியர் தாமே பணியின் தொடக்கத்தையும் முடிவையுங் குறிக்கும் செயலிகள் வேறு. அவர் அறியாதவாறு கணினித் திரையைப் படம்பிடித்தும் விசை அழுத்தங்களை எண்ணியும் முதலாளிக்கு அனுப்புவன வேறு. பின்னவை குரௌலியின் பூட்டிய மணிக்கூட்டின் வழிவந்தவை. சாளரத்தை நோக்கி அரைமணி இருந்து ஒரு நல்ல வாசகத்தைக் கண்டவனை அவை சோம்பேறி எனக் குறிக்கும். வீணே விசைகளைத் தட்டியவனை உழைப்பாளி எனப் போற்றும். அளக்க எளியதை அளந்து, அளக்க வேண்டியதை விடுவது அளவையின் பெருங்குற்றம்.

பதிவேடு பொய்படுமாயின் விளையுந் தீங்கு நட்டத்தோடு நில்லாது, உயிரளவுஞ் செல்லும். இதற்குத் துயரமான சான்று யப்பான் நாட்டின் மிகப்பெரிய விளம்பர நிறுவனமாகிய டென்ட்சுவின் வரலாறு. 1991இல் அங்குப் பணிபுரிந்த 24 வயது இளைஞர் ஒருவர் இரவுபகலாக உழைத்து, உடலும் உள்ளமும் நலிந்து, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யப்பானிய உயர் நீதிமன்றம் அச்சாவுக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. ஊழியர் தாமே எழுதிக்கொடுத்த மேலதிக நேரக் கணக்கு, அவர்கள் உண்மையில் உழைத்த நேரத்தினும் மிகக் குறைவாயிருந்தமை அவ்வழக்கில் வெளிப்பட்டது. வேலை மிகுதியைச் சொல்லுதல் திறமைக்குறைவைச் சொல்லுதலாகும் என அஞ்சும் இடத்தில் இளையோர் குறைத்தே எழுதுவர் என்பதில் வியப்பில்லை.

அத்தீர்ப்பு வந்த பின்னரும் நிலை திருந்தியதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அதே நிறுவனத்திற் சேர்ந்து ஓராண்டும் நிரம்பாத 24 வயதுப் பெண்ணொருவர் அவ்வாறே இறந்தார். அவருடைய மேலதிக நேரம் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 105 மணி எனத் தொழிற் பரிசோதனை அலுவலகம் கண்டது. நிறுவன ஏட்டிலோ உடன்பாட்டு எல்லையாகிய 70 மணிக்குள் அடங்குவதாகவே எழுதப்பட்டிருந்தது. 2017 அக்டோபர் 6ஆம் நாள் ரோக்கியோ நீதிமன்றமொன்று சட்டத்துக்கு மாறான மேலதிக வேலைக்காக நிறுவனத்துக்கு 500,000 யென் தண்டம் விதித்தது. இவ்விரு சாவுகளுக்குமிடையே 24 ஆண்டுகள் கழிந்தன. இரு காலத்தும் பதிவேடு இல்லாமலில்லை. பதிவேட்டில் உண்மையே இல்லாதிருந்தது. எல்லை மீறியதைக் கண்டு வேலையைக் குறைப்பதற்குப் பதிலாக, எல்லைக்குள் அடங்குமாறு எண்ணைக் குறைப்பதே வழக்கமாயிருந்தது. சுரமானி காட்டும் அளவைத் திருத்தி எழுதினால் நோயாளி நலம்பெறுவதில்லை.

இத்துயரங்களின் பின் யப்பானிய அரசு 2018இற் சட்டத்தைத் திருத்தி, மேலதிக நேரத்துக்குத் தண்டத்தோடு கூடிய எல்லையை வகுத்தது. 2019 ஏப்ரில் முதல், ஊழியரது பணிநேரத்தைப் புறநிலைச் சான்றுகளால் அறிந்திருத்தலும் நிறுவனங்களின் கடனாயிற்று. ஐரோப்பாவில், 2019 மே 14ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், நாள்தோறும் ஒவ்வோர் ஊழியரும் பணிபுரியும் நேரத்தை அளக்கும் நம்பத்தக்க முறையொன்றை நிறுவனங்கள் வைத்திருக்குமாறு உறுப்பு நாடுகள் விதித்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் முதலாளியல்லர், ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சங்கத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. முன்பு தொழிலாளரை அச்சுறுத்திய கணக்கேடு இன்று அவர் தாமே வேண்டிப்பெறும் காவலாயிற்று. ஏடு இல்லையாயின், எட்டு மணிக்கு மேல் உழைத்தேன் என்பதை ஊழியர் எதனாற் காட்டுவர்?

இலங்கையிலும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியும் சாதாரண வேலை நேரம் என வகுத்துள்ளது. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணிக்கு மேற்படலாகாது; அதற்குரிய வேதனம் ஒன்றரை மடங்கிற் குறையலாகாது. பணியகம் சிறியது, யாவரும் ஒரு குடும்பம் போன்றோர் என்னுங் காரணங்காட்டி இவ்வரம்புகளை மறப்பது எளிது. குடும்பம் என்னுஞ் சொல் இரவு பத்து மணிவரை இருத்தலை மட்டும் குறித்து, மறுநாட் பிந்தி வருதலைக் குறியாதாயின், அச்சொல்லுக்குப் பொருளில்லை.

இறுதியாக, மணிக்கணக்கையே வாடிக்கையாளரிடம் கேட்கும் விலையாக்கலாமோ என்னும் வினா உளது. அவ்வாறு ஆக்கினால், ஒரு பணியை இரண்டு மணியில் முடிக்கும் வல்லவருக்குக் குறைந்த விலையும், பத்து மணி எடுக்கும் புதியவருக்கு மிகுந்த விலையும் கிடைக்கும், திறமை தண்டனைக்குரியதாகும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் முதல் வரைவுகள் சில நிமிடங்களிற் கிடைக்கும் இக்காலத்தில் அம்முறையின் குறை இன்னுந் தெளிவாகப் புலப்படுகின்றது. கருவி தந்த நூறு வரைவுகளுள் தக்கதொன்றைத் தேர்ந்தெடுக்குங் கண்ணுக்கு ஆறு நிமிட அளவிலே விலையிட முடியாது. ஆகவே விலையைப் பணியின் பயனுக்கும் திறமைக்கும் ஏற்ப முன்னரே பேசி முடித்து, மணிக்கணக்கை உள்நிலை அறிதற்கும் ஊழியரைக் காத்தற்கும் வைத்துக்கொள்வதே சிறந்த முறையாகும். ஸ்மித் என்பார் முதலிற் கருதிய பயனும் அதுவே.

இதுகாறுங் கூறியவற்றால், கலைப்பணிக்குக் காலக் கணக்குப் பொருந்தும் என்பதும், அக்கணக்கு மெய்யாக இருக்கும்வரையிலேயே பொருந்தும் என்பதும் பெறப்படும். மெய்யாக இருத்தற்கு வேண்டுவன விலையுயர்ந்த பொறிகளல்ல. நீண்ட நேரத்தை எழுதியவர் திறமையற்றவர் எனப் பழிக்கப்படாமையும், குறைந்த நேரத்தை எழுதியவர் சோம்பேறி என இகழப்படாமையும், எழுதியதன் பயனாக அடுத்த ஒப்பந்தமும் அடுத்த மாதத்து வேலைப்பகிர்வும் திருந்துதலுமே வேண்டுவன. முல்லைப்பாட்டின் நாழிகைக் கணக்கர் அளந்த பொழுதை அரசன் ஒருவனுக்கே உரைத்தனர். இன்றைய சிறு பணியகத்திலோ அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரே. ஆதலின் அக்கணக்கு முதலில் அவருக்கே பயன்படுதல் முறையாகும். மாலையில் ஏட்டை எழுதி மூடும் இளைய ஓவியர், தாம் எழுதிய எண் தம்மைக் காக்கும் என நம்பி எழுதும் நிலையை ஆக்குதல் தலைவரின் கடன். அந்நம்பிக்கைக்கு ஏற்ப உள்ளதை உள்ளவாறு எழுதுதல் ஊழியரின் கடன்.